வாழையும் வாளையும்: ஓர் ஒலியட்டையை முன்வைத்து

சென்ற கோடை விடுமுறையில் என் மேசைக் கணினிக்குப் புதிதாக ஓர் ஒலியட்டை வாங்கினேன். கடையிலிருந்த இளைஞர், "இப்ப எல்லாம் போர்டுலயே சவுண்டு வந்துடுதே சார், இது எதுக்கு?" என்று கேட்டார். "பழைய கேசட்டுகளை ஏத்தணும் தம்பி" என்றேன். அவர் முகத்தில் ஒரு சிறு புன்னகை தோன்றி மறைந்தது. சினிமாப் பாட்டு என்று எண்ணியிருக்கக்கூடும்.

அவர் கேட்டதில் தவறில்லை. 1989-இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 'சவுண்ட் பிளாஸ்டர்' அட்டையை வெளியிட்ட காலத்தில், தனி அட்டை இல்லாத கணினி 'பீப்' என்று கத்துவதைத் தவிர வேறெதையும் பேசத் தெரியாத ஊமை. பின்னர் 1997-இல் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏசி'97 என்னும் தரமும், 2004-இல் அதைத் தொடர்ந்து வந்த எச்டி ஆடியோவும் ஒலித்திறனைத் தாய்ப்பலகையின் மீதே கொண்டுவந்து சேர்த்தன. பாட்டுக் கேட்பதற்கும் படம் பார்ப்பதற்கும் இன்று தனி அட்டை வேண்டியதில்லை. ஆயினும் கேட்பது வேறு, பதிவது வேறு. வெளியிலிருந்து வரும் ஓர் ஒலியைக் குறையின்றி உள்ளே வாங்கிக்கொள்ள வேண்டிய இடத்தில்தான் எனக்கு இந்த அட்டை தேவைப்பட்டது. அந்தத் தேவை ஒரு பிழையிலிருந்து பிறந்தது. அது என் பிழை.

2003-இல் எம்.பில். ஆய்வுக்காகத் தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் உள்ள சில சிற்றூர்களில் ஒப்பாரிப் பாடல்களைத் திரட்டினேன். கையில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கருவி, பையில் இருபத்துமூன்று கேசட்டுகள். பாடியவர்களில் பெரும்பாலோர் அறுபதைக் கடந்த பெண்கள். கேட்டு, நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, மீண்டும் கேட்டு எழுதினேன். எழுதியவை ஆய்வேட்டின் பின்னிணைப்பாயின, பட்டமும் கிடைத்தது. கேசட்டுகள் ஒரு காலணிப் பெட்டிக்குள் போயின.

அந்தப் பின்னிணைப்பில், இறந்த தமையனின் வீட்டு வளத்தை ஒரு மூதாட்டி சொல்லி அழும் பாடல் ஒன்று உண்டு. அதில் ஓரிடத்தில் 'வாழை தள்ள' என்று எழுதியிருந்தேன். வாழை குலை தள்ளுவது எங்கள் பக்கத்தில் அன்றாட வழக்கு. ஆற்றுப் பாசனத்தில் வாழைத் தோட்டத்துக்கும் குறைவில்லை. எழுதிய எனக்கும் ஐயமில்லை, படித்துக் கையொப்பமிட்டவர்களுக்கும் ஐயமில்லை. சென்ற கோடையில், புதிய அட்டையின் வழியே அதே கேசட்டைப் பதிந்து, செவிப்பொறி மாட்டிக்கொண்டு கேட்டபோது, அந்த அம்மாள் பாடியது அதுவன்று என்று தெரிந்தது. 'வாளை துள்ள' என்று பாடியிருக்கிறார்.

தெற்கத்திப் பேச்சில் ழகரம் ளகரமாய் ஒலிக்கும். வாழையும் 'வாளை'தான், வாளை மீனும் 'வாளை'தான். முதற்சொல்லைக்கொண்டு மட்டும் எதையும் முடிவுகட்ட இயலாது. பொருளைத் தீர்மானிப்பது அடுத்த சொல்லின் முதலெழுத்து: தகர அகரமா, தகர உகரமா? ஒரு மாத்திரை அளவே உள்ள அந்தக் குறிலை நான் தவறாகக் கேட்டிருக்கிறேன். அடுத்த அடியில் 'மடை' வருகிறது. வாழைக்கும் மடைக்கும் என்ன தொடர்பு என்று 2003-இல் நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. மடையில் நீர் பாய, அதில் வாளை துள்ளும் வளமான ஊர் அவர் தமையனுடையது. மருதத் திணை பற்றி வகுப்பில் குறிப்பெடுத்து, தேர்வில் எழுதி, மதிப்பெண் வாங்கியவன் நான். எழுத்தறியாத ஒரு மூதாட்டி அந்த மருதத்தைத் தன் வாயால் பாடியபோது, அதைத் தோட்டமாகத் திருத்தி எழுதியவனும் நானே.

இது என் ஒருவனின் வெட்கம் என்றால் இங்கே எழுத வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் தமிழ்த் துறைகளில் இப்படிப்பட்ட பின்னிணைப்புகள் நிறைய உண்டு. தாலாட்டு, ஒப்பாரி, தெம்மாங்கு, கதைப்பாடல், வழிநடைச் சிந்து என்று மாணவர்கள் ஊர் ஊராய்ச் சென்று பதிந்தார்கள். அச்சான பக்கங்கள் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு மூலமான கேசட்டுகள் எங்கே? பலரிடம் கேட்டுப் பார்த்தேன். பரணில், இரும்புப் பெட்டியில், பழைய வீட்டோடு போய்விட்டது, மேலே வேறு பாட்டுப் பதிந்துவிட்டோம் என்று விடைகள் வந்தன. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகளில் எம்.பில். பட்டத்தையே நிறுத்திவிட்டது. இனி அந்த ஏடுகளைத் தேடிச் செல்லும் இளையவர்களும் குறைவார்கள். அவற்றைச் சரிபார்க்க எஞ்சியுள்ள ஒரே சான்று அந்த நாடாக்கள்தான்.

உ.வே.சா. ஏடு தேடி அலைந்த கதையை நாம் ஆண்டுதோறும் சொல்லி நெகிழ்கிறோம். 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய அவர், தம் பதிப்புகளில் பிரதிபேதங்களைத் திரட்டித் தந்தார். ஏட்டில் உள்ளதைத் தம் விருப்பத்துக்கு மாற்றாமல், மாறுபாடுகளைப் படிப்பவன் முன் வைத்தார். அந்த அறத்தைப் போற்றும் நாமே, நம் கைக்கெட்டும் தூரத்திலுள்ள நாடாக்களைச் செல்லுக்குப் பதில் பூஞ்சைக்கு இரையாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஆங்கிலேய ஆட்சிக்காலத்தில், 1913-க்கும் 1929-க்கும் இடையே, கிரியர்சனின் மொழிக் கணக்கெடுப்பை ஒட்டி எடுக்கப்பட்ட இசைத்தட்டுப் பதிவுகளில் தமிழும் உண்டு. நூறாண்டுக்கு முந்திய அந்தக் குரல்களை இன்று கேட்க முடிகிறது. இருபதாண்டுக்கு முந்திய நம் பாட்டிமாரின் குரலைக் கேட்க முடியவில்லை என்றால், குறை கருவியினுடையது அன்று.

இதற்குப் பெரிய நிறுவனங்கள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன. 1982-இல் தொடங்கப்பட்டு, இப்போது குருகிராமத்தில் இயங்கிவரும் இசையினவியல் ஆவணக் காப்பகம் இத்தகைய பணிக்கென்றே தோன்றியது. ஆனால் ஒவ்வொரு கல்லூரியின் ஒவ்வொரு காலணிப் பெட்டியையும் தேடி எந்தக் காப்பகமும் வரப்போவதில்லை. முதற்படியை நாமே எடுத்துவைக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு, ஒருநாள் கருத்தரங்கின் பதாகைக்கும் பொன்னாடைக்கும் ஆவதைவிட மிகுதி அன்று.

நான் இதை முதன்முறை செய்தபோது தவறாகச் செய்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2009 வாக்கில் கேசட் கருவியின் செவிப்பொறித் துளையிலிருந்து ஒரு கம்பியை எடுத்துக் கணினியின் இளஞ்சிவப்புத் துளையில் செருகினேன். அது ஒலிவாங்கிக்கு உரிய துளை. ஒலிவாங்கி தருவது சில மில்லிவோல்ட் அளவேயான மின்குறிப்பு. ஆகவே அந்தத் துளைக்குப் பின்னால் ஒரு பெருக்கி இருக்கிறது. கேசட் கருவியின் வெளியீடோ 0.3 வோல்ட் அளவில் வருவது. சிறு வாய்க்காலில் ஆற்றைத் திருப்பிவிட்டது போலாயிற்று. உரத்த இடங்களெல்லாம் தலைவெட்டுண்டு கரகரத்தன. மெல்லிய இடங்களில் தாய்ப்பலகையின் மின்னிரைச்சல் வண்டுபோல் ரீங்கரித்தது. இடம் மிச்சமாகட்டும் என்று அதை எம்பி3 கோப்பாகச் சுருக்கி வைத்தேன். மனிதச் செவிக்கு எட்டாது என்று கணக்கிட்டவற்றைக் கழித்துவிட்டுச் சேமிக்கும் முறை அது. இசை கேட்கப் போதும். ஒரு குறிலின் ஓசையைத் துருவி ஆராயப் போதாது. பதிந்துவிட்டோம் என்ற நிம்மதியில் மூன்று கேசட்டுகளைத் தூக்கியும் எறிந்துவிட்டேன். அவை இனி எனக்கு அந்தக் கரகரப்பாகவே மிஞ்சும்.

ஆகவே இம்முறை செய்ததைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். தமிழாசிரியர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று எண்ண வேண்டாம். சுவடியைத் தொடுமுன் எண்ணெய் தடவக் கற்றுக்கொண்ட மரபு நம்முடையது.

முதலில் கேசட்டின் முதுகில் உள்ள இரு சிறிய பிளாஸ்டிக் காதுகளை உடைத்துவிட வேண்டும். உடைத்தால் அதன்மீது தவறியும் வேறெதுவும் பதியாது. ஒருமுறை முழுதும் முன்னோட்டி, பின்னோட்டி நாடாவைத் தளர்த்த வேண்டும். கருவியின் காந்தத் தலையைப் பஞ்சில் நனைத்த ஐசோபுரோப்பைல் ஆல்ககாலால் துடைக்க வேண்டும். 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகம் செய்த இந்தக் கேசட்டில் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர்தான், நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் அது ஓடுகிறது. இத்தனை குறுகிய தடத்தில், தலையில் படிந்த சிறு அழுக்கும் குரலின் கூர்மையை மழுக்கிவிடும்.

அடுத்தது அட்டை. கணினியை அணைத்து மின்கம்பியை முற்றிலும் பிடுங்கிவிட்டு, பக்கத் தகட்டின் திருகுகளைக் கழற்ற வேண்டும். உள்ளே கை வைக்குமுன் பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டு, உடலில் சேர்ந்துள்ள நிலைமின்னைப் போக்கிக்கொள்வது நல்லது. இன்றைய அட்டைகள் பெரும்பாலும் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்னும் குட்டையான செருகுவாயில் பொருந்துபவை. பழைய பிசிஐ அட்டை யாரிடமாவது இருந்தால் அது புதிய தாய்ப்பலகையில் நுழையாது. வாங்குமுன் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும். ஒளிப்பட அட்டை இருந்தால் அதற்கு நேர் பக்கத்திலன்றிச் சற்றுத் தள்ளியே ஒலியட்டையைச் செருகினேன். அதன் விசிறியும் மின்னோட்டமும் ஒலிக்குப் பகை. இரு கைகளின் கட்டைவிரல்களாலும் ஒரே சீராக அழுத்தினால் அட்டை இறங்கி அமர்வது கைக்குத் தெரியும். பிறகு திருகை முடுக்கிப் பெட்டியை மூடலாம்.

கணினி விழித்ததும் அட்டைக்குரிய இயக்கி மென்பொருளை நிறுவ வேண்டும். இயங்குதளத்தின் ஒலி அமைப்புக்குச் சென்று, பதிவுக் கருவியாகப் புதிய அட்டையின் 'லைன் இன்' வாயிலைத் தேர்வு செய்தேன். பல அட்டைகளில் அது வெளிர்நீல நிறத் துளை. அங்கே 'ஒலி மேம்பாடுகள்' என்ற பெயரில் தாமாகவே வேலை செய்யும் சில வசதிகள் உண்டு. அவை அனைத்தையும் அணைத்துவிட்டேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். கேசட் கருவியையும் கணினியையும் ஒரே மின்பலகையில் செருகியபின் 50 ஹெர்ட்ஸ் உறுமல் பெரும்பாலும் அடங்கியது. அது அடங்கவில்லையே என்று நிலக்கம்பியைத் துண்டிக்கும் வேலையை மட்டும் யாரும் செய்துவிடக் கூடாது.

நம் இலக்கணம் ஒலியை மாத்திரையால் அளந்தது. கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை. குற்றியலுகரத்துக்கு அரை, மகரக்குறுக்கத்துக்குக் கால் என்று நுண்மை பேசியது. ஒலியட்டையும் அளக்கத்தான் செய்கிறது. நொடிக்கு 48,000 முறை அலையின் உயரத்தை அளந்து எண்ணாக எழுதி வைக்கிறது. 16 பிட்டில் பதிந்தால் ஒவ்வோர் அளவுக்கும் 65,536 படிகள். 24 பிட்டில் 1,67,77,216 படிகள். கேசட்டின் தரத்துக்கு 24 பிட் மிகை என்பார்கள். மிகைதான். ஆனால் அந்த மிகையில் ஓர் ஆறுதல் உண்டு. உச்ச ஒலி அளவுகோலின் விளிம்பைத் தொடாதபடி 12 டெசிபெல் கீழேயே நிறுத்திப் பதியலாம். மெல்லொலிகளுக்கு அதனால் இழப்பு நேராது. விளிம்பைத் தாண்டி வெட்டுப்பட்ட ஒலியை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. 2000-இல் முதன்முதலாக வெளிவந்த 'ஆடாசிட்டி' என்னும் இலவச மென்பொருளே இந்த வேலைக்குப் போதுமானது. சுருக்காத 'வேவ்' கோப்பாகச் சேமித்தால் ஒரு மணிநேரப் பதிவு, இருதட ஒலியில், ஏறத்தாழ ஒரு கிகாபைட் இடம் கொள்ளும். இன்றைய வன்தட்டுக்கு அது ஒரு சுமையே அன்று.

யூஎஸ்பியில் செருகும் வெளிப்பெட்டிகளும் இதே வேலையைச் செய்கின்றன. மடிக்கணினி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு அதுவே வழி. இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் 'லைன் இன்' துளையே கிடையாது. அட்டைதான் வேண்டும் என்பது என் வாதமன்று. கேசட்டை ஓடவிட்டுக் கைப்பேசியை அருகில் பிடித்துப் பதிவதை மட்டும் ஆவணப்படுத்தல் என்று அழைக்க வேண்டாம் என்றே கேட்கிறேன். அது மூலத்தைப் பார்த்து எழுதாமல், பக்கத்து அறையில் யாரோ படிப்பதைக் கேட்டு ஏடெழுதுவது போன்றது.

இனி அந்த 'மேம்பாடுகள்' பற்றி. இங்கேதான் தமிழ் படித்தவன் கணினி அறிந்த நண்பரோடு கருத்து மாறுபட வேண்டியிருக்கிறது. என் பதிவுகளைக் கேட்ட நண்பர் ஒருவர், இரைச்சலை நீக்கித் தருகிறேன் என்று அன்போடு முன்வந்தார். நீக்கியும் காட்டினார். சீறல் போயிற்று, குரல் பளிச்சென்று நின்றது. ஆனால் வரிக்கு வரி அந்த அம்மாள் இழுத்த மூச்சும் போயிருந்தது. ஒப்பாரியில் மூச்சு வெறும் காற்று அன்று. விம்மல் எங்கே முடிகிறது, பாட்டு எங்கே தொடங்குகிறது என்பதற்கு அதுவே அடையாளம். மென்பொருளுக்கு நாடாவின் சீறலும் மனிதரின் பெருமூச்சும் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. 2003-இல் நான் செய்ததும் இதுதான். பாட்டுக்கு இடையே வந்த இருமலை விட்டேன், அசைநிலைகளை விட்டேன், வழக்குச் சொல்லைத் திருத்தினேன், பொருள் விளங்காத இடத்தில் எனக்குத் தெரிந்த பொருளை வைத்தேன். அதற்குப் பெயர் அப்போது 'செம்மையாக்கம்'.

ஆகவே என் கோரிக்கை எளியது. முதற்பதிவை அதன் சீறலோடும் இருமலோடும் தொடாமல் வைக்க வேண்டும். அதுவே ஏடு. தூய்மை செய்வதானால் படியெடுத்து, அந்தப் படியில் செய்யலாம்; என்ன செய்தோம் என்று பக்கத்தில் எழுதி வைக்கலாம். அது பதிப்பு. இரண்டையும் குழப்பக் கூடாது என்பதை நமக்கு யாரும் புதிதாய்க் கற்பிக்க வேண்டியதில்லை. பாடியவர் யார், எந்த ஊர், எந்த நாள், யார் பதிந்தது என்ற குறிப்பும் கோப்போடு சேர்ந்தே இருக்க வேண்டும். இரண்டு படிகள் இரண்டு வெவ்வேறு இடங்களில் இருக்க வேண்டும். எதையும் இணையத்தில் ஏற்றுமுன் பாடியவரிடமோ அவர் குடும்பத்தாரிடமோ கேட்க வேண்டும். ஒப்பாரியில் மாமியார் மீதான ஏசலும் பங்காளிச் சண்டையும் வரும். அவை அந்த வீட்டுக்குச் சொந்தமானவை. ஆய்வாளனுக்குப் பட்டம் கிடைத்ததனால் அந்த உரிமை அவனுக்கு மாறிவிடுவதில்லை.

'வாளை துள்ள' என்பதைக் கேட்டபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஊருக்குப் போனேன். பாடிய அம்மாள் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் மகள் இருந்தார். மடிக்கணினியில் பதிவை ஓடவிட்டு, அந்த இடத்தில் நிறுத்தி, மீனா மரமா என்று கேட்டேன். "மீனுதான். வேற என்ன? மடையில வாளை துள்ளும்லா" என்றார், இதைக் கேட்கவா இவ்வளவு தூரம் வந்தாய் என்பதுபோல். என் இருபதாண்டுப் பிழை அவருக்கு ஒரு நொடிப் பேச்சாய் முடிந்துவிட்டது.

பாட்டு முடிந்தும் நாடா ஓடிக்கொண்டிருந்தது. அதில் அந்த அம்மாள் யாரையோ பெயர் சொல்லி அழைத்து, "ஏட்டி, வந்தவுகளுக்குத் தண்ணி மோந்து குடு" என்கிறார். பாடல் அல்ல என்பதால் ஆய்வேட்டில் நான் சேர்க்காத பகுதி. இரைச்சல் நீக்கிய படியில் அது பாதி மங்கிப்போயிருந்தது. மகள் அந்த இடத்தை மட்டும் மறுபடி போடச் சொன்னார். அவர் பெயர்தான் அது. நான்கு முறை போட்டேன். பிறகு எழுந்து உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

கோப்பின் ஒரு படியை அவரிடம் கொடுத்திருக்கிறேன். ஆய்வேட்டின் பிழையைக் குறித்து நூலகத்துக்கு ஒரு திருத்தப் பட்டியலும் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் இதுவரை பதினொரு இடங்கள் சேர்ந்துள்ளன. இன்னும் ஒன்பது கேசட்டுகள் மிச்சமிருக்கின்றன. இதைப் படிக்கும் நண்பர்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கக்கூடும். அட்டை வாங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இன்றே அந்தக் கேசட்டுகளை எடுத்து, முதுகிலுள்ள இரு காதுகளையும் உடைத்து வையுங்கள்.